லாரியை முகர்ந்து பார்த்தவர்

எழுபதுகளின் நடுவில் குன்னூர் லாரி நிறுத்தத்துக்குக் காலையில் போய் நின்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். காலி லாரி ஒன்றின் பின்கதவு திறந்து கிடக்கும். உள்ளே, பலகையின்மேல் ஓர் ஆள் குப்புறப் படுத்திருப்பார். தலைக்குமேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தியிருப்பார். வெளியே தெரிவது வேட்டி நுனியும் இரண்டு குதிகாலும்தான். சற்று நேரம் கழித்து எழுந்து வந்து மார்பில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடுவார். லாரி பிடித்திருந்தால் ஏற்றலாம் என்று தலையசைப்பார். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் இறங்கி அடுத்த லாரிக்குப் போய்விடுவார்.

அவர் பெயர் சங்கிலி. தொழில், லாரி புரோக்கர்.

மலையில் விளைவது கீழே போக வேண்டும், கீழே விளைவது மேலே வர வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து அரிசியோ உரமோ ஏற்றிக்கொண்டு வரும் லாரி, சரக்கை இறக்கிய பிறகு காலியாக நிற்கும். காலியாக இறங்கினாலும் டீசல் எரியும், டயர் தேயும். அதனால் திரும்பும் வழிக்கு ஒரு லோடு கிடைக்காதா என்று ஓட்டுநர் காத்திருப்பார். அதே வேளையில் மலையின் இன்னொரு மடிப்பில் ஒரு தொழிற்சாலைக்காரர் தேயிலைச் சாக்குகளைக் கட்டி அடுக்கிவிட்டு லாரிக்காகக் காத்திருப்பார். இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் அதிகமில்லை. ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. முகம் தெரியாதவனுடைய வண்டியில் ஒரு மாத உழைப்பை ஏற்றி அனுப்ப யாருக்கும் மனம் வராது. அந்த இடைவெளியில்தான் புரோக்கருக்கு வேலை. லாரி அவருடையதல்ல, சரக்கும் அவருடையதல்ல. இரண்டு பக்கமும் அவர் சொல்லிவைத்த வார்த்தை மட்டும்தான் அவருடையது.

சங்கிலிக்கு அலுவலகம் கிடையாது. ஜெஸிந்தா என்பவர் நடத்திய டீக்கடையின் வெளிப்பெஞ்சுதான் அவர் இடம். எந்த லாரிக்கு பிரேக் பிடிக்கும், எந்த ஓட்டுநர் மத்தியானத்துக்குமேல் நம்பத்தகாதவர், எந்தத் தார்ப்பாய் எங்கே ஒழுகும், எந்தச் சாலையில் மண் சரிந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாப் புரோக்கர்களுக்கும் இது தெரியும். தெரியாதவர் அந்தத் தொழிலில் நிலைக்க முடியாது.

மற்றவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்தியது, லாரிப் பலகையில் படுத்து முகர்வது ஒன்றுதான். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பூண்டு ஏற்றிய பலகைமேல் தேயிலைச் சாக்கை வைத்தால், ஊர் போய்ச் சேருவதற்குள் தூளில் பூண்டு ஏறிவிடும். அப்புறம் அதைத் தேயிலை என்று விற்க முடியாது, பூண்டு என்றும் விற்க முடியாது. இதை அவர் இலங்கையில் கற்றிருந்தார். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி அடைக்கும் அறையில் அவருக்கு வேலை. அந்தப் பக்கத்துத் தோட்டமக்கள் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். வெற்றிலை போட்ட வாயோடு யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது. ஒரு முறை, மாசிக் கருவாடு ஏற்றிவந்த லாரியிலேயே அவசரத்துக்குத் தேயிலையை அனுப்பிவிட்டார்கள். கொழும்பு வரை போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது. தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட பெரியவர் அந்த வாரமே மூட்டை கட்டினார். அவர் குடும்பத்தோடு மலையிறங்கிப் போனதைச் சங்கிலி பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு நாள் சங்கிலியும் மூட்டை கட்ட வேண்டி வந்தது. அந்த நாட்டில் பிறந்தவர்தான். ஆனாலும் அந்த நாட்டவர் அல்ல என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்தன. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, மனைவி தெய்வம்மாவோடு நெல்லியாளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. ஸ்டோருக்குள்ளேயே இருந்த கை அது. பறிப்பதில் வேகம் வரவில்லை. தெய்வம்மா இரண்டு கூடை நிரப்பும்போது அவர் ஒன்றை முடித்திருக்கமாட்டார். மேற்பார்வையாளர் திட்டுவார், பக்கத்து வரிசைப் பெண்கள் சிரிப்பார்கள். அட்டை கடித்த காலோடு, தோட்டத்து வரிசைவீடான லயத்துக்குத் திரும்புவார்.

தோட்டத்துத் தேயிலையைக் குன்னூர்க் கிடங்குக்குக் கொண்டுபோன லாரியில் ஒரு நாள் அவரைச் சுமையாளாக அனுப்பினார்கள். சரக்கை இறக்கியதும் லாரி காலியாகக் கூடலூருக்குத் திரும்பப் புறப்பட்டது. கூடலூர்க் கடைவீதியில் அரிசி வரவில்லை என்று கடைக்காரர் ஒருவர் முந்தின நாள் புலம்பியது சங்கிலிக்கு நினைவு வந்தது. குன்னூர் மண்டியில் அரிசி மூட்டைகள் லாரிக்காகக் கிடந்ததையும் அவர் அப்போதுதான் பார்த்திருந்தார். இரண்டையும் ஓட்டுநரிடம் சொன்னார். அன்று அந்த லாரி காலியாகப் போகவில்லை. அதற்கு யாரும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கொடுத்துவிடவில்லை. ஆனால் தன்னால் செய்யக்கூடிய ஒன்று இந்த ஊரிலும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சில மாதங்களில் தெய்வம்மாவையும் கூட்டிக்கொண்டு குன்னூருக்கே வந்துவிட்டார்.

ஓட்டுநர்கள் அவரைச் சிலோன் அண்ணன் என்றார்கள். அவர் பலகையில் படுத்திருக்கும்போது சுற்றி நின்று வேடிக்கை பேசுவார்கள். பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு கிட்டத்தில் பார்க்க விடமாட்டார்கள் என்பான் ஒருவன். முத்துவேல் என்று ஒரு மேட்டுப்பாளையத்து ஓட்டுநர் இருந்தான். வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனுங்ண்ணா, எங்களுக்கு ரிட்டர்ன் லோடு தேடித் தர்றீங்க. நீங்களே சிலோன்காரன் அனுப்புன ரிட்டர்ன் லோடுதானுங்களே" என்றான் ஒரு நாள்.

சங்கிலி அதற்கும் சிரித்தார். "ஆமா தம்பி. ஆனா என்னைய ஏத்துனவன் முந்தின லோடு என்னான்னு பாக்கல" என்றார்.

அதே முத்துவேலின் லாரியில் ஒரு நாள் படுத்து எழுந்தவர், ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி அடுத்த லாரிக்குப் போனார். முந்தின நாள் கருவாடு ஏற்றியிருந்ததை முத்துவேல் மறைத்திருந்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அன்று அவன் காலி லாரியோடுதான் மலையிறங்கினான்.

இத்தலாரைச் சேர்ந்த போஜன் நீலகிரியின் படகர் இனத்தவர். சிறிதாகத் தேயிலை பயிரிடும் சில விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்னத் தொழிற்சாலை தொடங்கியிருந்தார். கொச்சியில் ஒரு பெரிய வியாபாரி, சரக்கை நேராக அனுப்புங்கள், முதல் லோடு சரியாக இருந்தால் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. கொச்சியில் ஒரு கதவு சாத்தப்பட்டால், அந்த ஓசை மற்ற கதவுகளுக்கும் கேட்கும். அந்தப் பருவத்தில் ஈயத்தாள் ஒட்டிய மரப்பெட்டிகள் கிடைக்கவில்லை. தூளைச் சாக்கில்தான் கட்ட வேண்டியிருந்தது. பெட்டியென்றால் வாசம் உள்ளே போக ஒரு தடை உண்டு. சாக்குக்கு அதுவும் கிடையாது. போஜன் நேராகச் சங்கிலியிடம் வந்தார். வேறு புரோக்கர்கள் உள்ளூர்க்காரர்கள், சொந்தக்காரர்கள்கூட இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு ஒரு சிலோன்காரரிடம் வந்ததற்கு ஊரில் பேச்சும் கேட்டிருப்பார். லாரியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சங்கிலி சொன்னார். ஊரில் நிலமோ உறவோ இல்லாதவர் அவர். அந்த வார்த்தை பொய்த்தால் குன்னூரில் அவருக்கு நிற்க ஒரு பெஞ்சுகூட மிஞ்சாது. திரும்ப நெல்லியாளம்தான், கொழுந்துக் கூடைதான்.

ஆனி மாதம். மஞ்சும் தூறலுமாக ஒரு வாரம். சங்கிலிக்குச் சளி பிடித்திருந்தது. தெய்வம்மா, சிலோன் வழக்கப்படி கொத்தமல்லியை அவித்துக் கொடுத்தாள். குன்னூரில் கற்றுக்கொண்டபடி மார்பிலும் மூக்கிலும் தைலத்தைத் தேய்த்துவிட்டாள். போஜனின் சாக்குகள் வந்து இறங்கியிருந்தன. அன்று கிடைத்த லாரி முத்துவேலுடையது. கொச்சிக்குப் போகச் சம்மதித்ததும் அவன் ஒருவன்தான். சங்கிலி வழக்கம்போல் ஏறினார். வழக்கம்போல் குப்புறப் படுத்தார். தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூச்சை இழுத்தார். எந்த வாசமும் வரவில்லை. எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, ஏற்றலாம் என்று தலையசைத்தார். போஜன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. சாக்குகள் ஏறின. தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். லாரி மேட்டுப்பாளையச் சாலையில் இறங்கி மஞ்சுக்குள் மறைந்தது. போஜன் ஏதோ வேலையாக ஊட்டிக்குப் பஸ் ஏறினார்.

சங்கிலி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கடையில் ஜெஸிந்தா யாரோ ஒரு வாடிக்கைக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததில் அடுப்பிலிருந்த பால் அடிப்பிடித்துவிட்டது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க்கடைக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சங்கிலி மட்டும் லாரி போன திக்கைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

ஜெஸிந்தா பாத்திரத்தை இறக்கிவிட்டு அவரையே பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, பாலு தீஞ்சு பஜாரே நாறுது. உங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களா? அந்த மூக்க எங்க வெச்சுட்டு வந்தீங்க?"

சங்கிலி பாத்திரத்தருகே போய்க் குனிந்தார். கருகிய பாலின் ஆவி முகத்தில் சூடாகப் பட்டது. அதில் வாசம் இல்லை. பக்கத்திலிருந்த ஏலக்காய் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். அதிலும் இல்லை. அப்போதுதான் விளங்கியது. காலையில் அந்த லாரி சுத்தமாக இருந்ததாக அவர் எண்ணியது, லாரியைப் பற்றிய செய்தியே அல்ல. அவருடைய மூக்கைப் பற்றிய செய்தி.

ஒரு செயலைப் பலநாள் செய்தால், செய்கிற உடம்புக்கு அது பாடமாகிவிடுகிறது. பிறகு எதற்காகச் செய்கிறோமோ அது இல்லாமலேயே உடம்பு அதைச் செய்து முடிக்கும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, செய்கிறவருக்கே தெரிவதில்லை. கண் தெரியாதவன் காலை வைத்துத் தடவிப் பார்ப்பான், ஏனென்றால் தனக்குக் கண் இல்லை என்று அவனுக்குத் தெரியும். சங்கிலிக்கு அன்று காலையில் அந்த அறிவும் இல்லை. எந்த வாசமும் வராததையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். கவனமான மனிதர்களுக்கே இந்தத் தவறு நேரும். கவனமில்லாதவர் பலகையில் படுத்திருக்கவே மாட்டார்.

போஜன் ஊட்டியில் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மேட்டுப்பாளையத்துக்கு டிரங்க் கால் போட்டால், இணைப்புக் கிடைக்கும் நேரத்தில் லாரி பாலக்காட்டைத் தாண்டியிருக்கும். கீழ்நோக்கிப் போகும் லாரிகள் வழியிலுள்ள பர்லியாற்றில் நின்று பிரேக்கை ஆறவிடுவது வழக்கம். ஓட்டுநர்கள் அங்கே டீ குடிப்பார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். முட்டைக்கோஸ் ஏற்றி ஊட்டியிலிருந்து வந்த லாரி ஒன்று நிறுத்தத்தைக் கடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் பொன்னுத்துரை தெரிந்தவர்தான். சங்கிலி கையைக் காட்டி ஏறிக்கொண்டார்.

ஏறியதும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பொன்னுத்துரை அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார், ஆனால் வேகத்தைக் கூட்டவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சங்கிலியின் கால் இல்லாத ஆக்சிலேட்டரை மிதித்தது. கடைசியில் கேட்டேவிட்டார், கொஞ்சம் சீக்கிரம் போகக்கூடாதா என்று.

"இறக்கத்துல லோடுதானுங்க வண்டிய ஓட்டுது. நாம புடிச்சுட்டுத்தான் இருக்கோணும்" என்றார் பொன்னுத்துரை. "நானும் வேகமாப் போனா, அப்புறம் ரெண்டு லாரிக்கு நீங்க கவலைப்படோணும்."

 வழியில் மலையேறி வந்த ஒவ்வொரு லாரிக்காரரிடமும், கீழே முத்துவேல் வண்டியைப் பார்த்தாயா என்று பொன்னுத்துரை கைச்சைகையால் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் இல்லை என்று தலையாட்டினார். இன்னொருவருக்குக் கேள்வியே புரியவில்லை. மஞ்சு கலைந்து வெயில் வந்தது, காட்டுமரங்கள் உயர்ந்தன, காற்று சூடானது. கீழே பாக்குமரங்கள் தெரிந்தபோது பர்லியாற்றுக் கடைகளுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. கடைசியில் நின்றது முத்துவேலின் லாரி. அவன் டீ குடித்து முடித்து, கதவைத் திறந்து காலை வைத்துக்கொண்டிருந்தான்.

சங்கிலி இறங்கி ஓடினார். மூச்சு வாங்கியபடி, முந்தின லோடு என்ன என்று கேட்டார். வேறு எந்தப் புரோக்கரும் சரக்கு ஏற்றுவதற்குமுன் கேட்கும் கேள்வி அது. தன் மூக்கு இருக்கும் தைரியத்தில் சங்கிலி அதை ஓட்டுநர்களிடம் கேட்பதே இல்லை. வாய் பொய் சொல்லும், பலகை சொல்லாது என்பார்.

முத்துவேல் காலைக் கீழே வைத்தான். மறைக்கவில்லை. முந்தின லோடு சிமெண்ட், அதற்கு முந்தியது பூண்டு என்றான்.

சங்கிலி அப்படியே லாரிச் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எனக்குச் சளி தம்பி. காலையில எனக்கு மூக்கே இல்ல" என்றார்.

முத்துவேலுக்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினான். பின் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பூண்டு இறக்கிய அன்றே, மேட்டுப்பாளையத்தில் ஆற்றங்கரையில் நிறுத்திப் பலகையெல்லாம் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்ததாகச் சொன்னான். டீக்கடைகளில் கொட்டும் தேயிலைச் சக்கையை வாங்கிவந்து பலகைமேல் பரப்பி, ஊறவிட்டுக் கூட்டித் தள்ளியிருக்கிறான். தார்ப்பாயை வேறு ஒருவனிடம் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

"நீங்க எப்படியும் படுத்துப் பாப்பீங்கன்னு தெரியுமுங்க. போன வருசம் ஒண்ணும் சொல்லாம எறங்கிப் போனீங்களே, அந்த ஒரு நாள் போதுமுங்க எனக்கு. நான் மட்டும் இல்லீங்க, குன்னூருக்குத் தேயிலை ஏத்த வர்ற எல்லாருமே கழுவிட்டுத்தான் வர்றோம்."

சங்கிலிக்கு இது புதுச் செய்தி. சில காலமாக எந்த லாரியையும் அவர் ஒதுக்க வேண்டி வரவில்லை. லாரிகள் தாமாகவே நல்லபடியாக வருவதாக நினைத்துக்கொண்டிருந்தார். இருந்தாலும், தன் லாரியைப் பற்றி ஓட்டுநர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் மனம் இடம் கொடுக்கவில்லை. போஜனுக்குக் கொடுத்தது முத்துவேலின் வார்த்தை அல்ல, தன் வார்த்தை. யாராவது ஒருவர் முகர்ந்து சொல்ல வேண்டும். முத்துவேல் பக்கத்துப் பழக்கடைப் பெண்ணைக் கூப்பிடலாம் என்றான். நாள் முழுக்கப் பலாச்சுளை உரித்துக்கொண்டிருக்கும் மூக்குக்குப் பூண்டும் தெரியாது, பூவும் தெரியாது என்று சங்கிலி மறுத்துவிட்டார். பொன்னுத்துரை முட்டைக்கோஸ் லாரிக்காரர், அவராகவே விலகிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து ஒரு பஸ் வந்து, தண்ணீர் ஊற்றுவதற்காக நின்றது. கூரைமேல் தகரப் பெட்டிகள், பாய்ச்சுருட்டுகள், ஒரு தையல் மிஷின், காலுயர்த்திய ஒரு மர நாற்காலி. இறங்கியவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்ட குரலிலேயே, சிலோனிலிருந்து வருகிறவர்கள் என்று சங்கிலிக்குத் தெரிந்துவிட்டது. அவரும் இதே இடத்தில், இதே போல ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கிக் கைகால் நீட்டியிருக்கிறார். நேரே போய், எந்தத் தோட்டம் என்று கேட்டார். பொகவந்தலாவைப் பக்கம் என்றார்கள். கூடலூர் தாண்டி, நெல்லியாளம் பக்கம் போகிறார்களாம். உங்களில் ஸ்டோரில் வேலை செய்தவர் யாராவது உண்டா என்று அடுத்துக் கேட்டார். வரவேற்கவோ விற்கவோ வந்தவர் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இருந்தது. அவர்கள் ஒரு பெண்ணை முன்னால் தள்ளினார்கள். பெயர் மருதாயி, ஐம்பதை ஒட்டிய வயது. பஸ்ஸில் வாந்தியெடுத்துக் களைத்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தி இருந்தே சல்லடக் காம்பராவுல நின்னவ நான்" என்றாள். காம்பரா என்றால் அறை. "என்னா பாக்கணும்?"

சங்கிலி சொன்னார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முகம் கழுவினாள், வாயைக் கொப்பளித்தாள். முத்துவேல் தார்ப்பாயை அவிழ்த்துப் பின்பக்கத்து அடிச்சாக்கு ஒன்றை இழுத்துக் கொடுத்தான். அவள் சாக்கின் அடிப்பக்கத்தை முகர்ந்தாள். பிறகு மூலையைப் பிரித்து ஒரு பிடி தூளை எடுத்தாள். கையை மூடி, விரலிடுக்கில் வாயை வைத்து வெப்பமாக ஊதி, உடனே மூக்கருகே கொண்டுபோனாள். சங்கிலி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.  டீக்கடைக்காரரிடம் கண்ணாடி கிளாஸும் கொதிநீரும் கேட்டாள். தூளைப் போட்டு, மேலே தன் உள்ளங்கையால் மூடினாள். அது ஊறுவதற்குக் காத்திருந்த நேரத்தில் பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். பால் எங்கே என்று கேட்ட டீக்கடைக்காரரை, வேண்டாம் என்று கையமர்த்தினார்கள்.

மருதாயி கையை எடுத்து ஆவியை முகர்ந்தாள். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, மண்ணில் துப்பினாள். மறுபடி உறிஞ்சினாள். இந்த முறை விழுங்கிவிட்டாள்.

"பூண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சுத்தமான தேத்தண்ணி" என்றாள். "ஆனா அடுப்பு கூடிப்போச்சு. லேசாக் கருகியிருக்கு. தூள் போட்டவன்கிட்ட சொல்லுங்க, இவ்ளோ சூடு ஆவாதுன்னு."

சங்கிலி லாரியின் பின்கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.   இன்னொரு கிளாஸ் போடச் சொல்லி யாரோ கேட்டார்கள். மருதாயி போட்டாள். அது கைமாறிக் கைமாறிப் பஸ்ஸிலிருந்த எல்லோருக்கும் ஒரு வாயாவது போயிற்று. ராமேஸ்வரத்தில் இறங்கிய நாளிலிருந்து குடித்ததெல்லாம் தேத்தண்ணியே இல்லை என்றார் ஒருவர். இங்கே நல்ல தூள் விளைகிறது போலிருக்கிறதே என்றாள் ஒருத்தி, கேட்டவர்கள் தலையாட்டினார்கள். போகிற இடத்தில் லயம் எப்படி இருக்கும், ரேஷன் உண்டா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கமா என்றெல்லாம் சங்கிலியைக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னார். அட்டையைப் பற்றியும் சொன்னார். உப்பும் சுண்ணாம்பும் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் நன்றாக இருக்கும் என்று சொல்லவில்லை. வாழமுடியும் என்று மட்டும் சொன்னார்.

முத்துவேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். புறப்படும்போது தலையை வெளியே நீட்டி, அடுத்த முறை அந்த அம்மாவையே கூட்டி வாருங்கள், உங்களைவிட வேகமாகப் பார்க்கிறார் என்றான்.

அன்று அந்த லோடு தப்பியது சங்கிலியின் திறமையால் என்று சொல்ல முடியாது. அவர் அன்று செய்தது தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் முன்பு சரியாகச் செய்த நாட்கள் எங்கும் போய்விடவில்லை. அவை முத்துவேலிடம் போய் ஒரு பழக்கமாக உட்கார்ந்திருந்தன. அவரால் இயலாத நாளில் அவை அவருக்குப் பதிலாக மேட்டுப்பாளையத்து ஆற்றங்கரையில் பலகையைத் தேய்த்திருக்கின்றன. நன்மை, அதைச் செய்தவரிடமே தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை போலும். இதை நம்பி இன்னொரு முறை சளியோடு படுத்துப் பார்க்கலாமா என்றால், கூடாது. அதைச் சங்கிலியும் ஒத்துக்கொண்டார்.

மலையேறும் அந்தப் பஸ்ஸிலேயே அவர் குன்னூருக்குத் திரும்பினார். உட்கார இடமில்லை; மருதாயியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவுகளில் மறுபடி மஞ்சு ஏறியது. ஓரிடத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறார்கள், மணக்கிறது என்றாள் மருதாயி. சங்கிலிக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஆனாலும் அவர்கள் பார்த்த திக்கிலேயே அவரும் பார்த்தார். சற்று நேரத்தில் மஞ்சுக்கிடையே புகைபோக்கி தெரிந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது போஜன் ஊட்டியிலிருந்து திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜெஸிந்தா முக்கால் கதையைச் சொல்லிவிட்டிருந்தார். போஜன் எழுந்து நின்றார்.  சங்கிலி எதையும் குறைக்காமல் சொன்னார். மூக்கு அடைத்திருந்ததை அறியாமலே படுத்ததையும், பூண்டையும், முத்துவேல் கழுவியதையும், மருதாயி குடித்துப் பார்த்ததையும். இனிமேல் வேறு புரோக்கரைப் பார்ப்பதென்றால் தனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னார். அது உண்மையல்ல, வருத்தம் இருந்திருக்கும்.

போஜன் திரும்ப உட்கார்ந்தார்.  நிறுத்தத்தில் ஒரு லாரி வந்து உரமூட்டைகளை இறக்கத் தொடங்கியது.

"லாரி போனதுக்கப்புறம் நீங்க சும்மா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க" என்றார். "அடுத்த லோடும் நீங்கதான் பாக்கோணும். சளி போனதுக்கப்புறம்."

பிறகு, தூள் கருகியிருந்ததாகச் சொன்னது உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றார் சங்கிலி. போஜனுக்கு அதுதான் பெரிய கவலையாகிவிட்டது. அடுப்புக்காரனைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இத்தலார் பஸ்ஸுக்கு நடந்தார்.

கொச்சிக்காரர் அந்த லோடை எடுத்துக்கொண்டார். அடுத்ததையும் கேட்டார். அதன்பிறகு சங்கிலி, லாரியில் ஏறுவதற்குமுன் ஜெஸிந்தாவின் ஏலக்காய் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டுப் போகத் தொடங்கினார். வாசம் தெரியாத நாட்களில் ஜெஸிந்தாவே கடையை விட்டு இறங்கி, பின்கதவருகே நின்று முகர்ந்து சொல்வார். தான் பலகையில் படுக்கமாட்டேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஓட்டுநர்கள் அதற்கும் சிரித்தார்கள். ஆனால் கழுவாமல் யாரும் வரவில்லை.

அன்று மாலை, போஜன் போன பிறகு, ஜெஸிந்தா அடிப்பிடிக்காத பாலில் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். சங்கிலி குடித்துப் பார்த்தார். சூடாக இருக்கிறது என்றார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழுவதையும் குடித்து முடித்தார்.